முப்பது வீட்டு அரிசியும் ஒரே அண்டாவும்

அன்னிக்கு எனக்கு வேலை ரொம்பச் சுலபம். தென்காசியிலே முப்பது வீட்டுலே பிடியரிசி வாங்கணும். மறுநா காலையிலே குற்றாலத்துக்குக் கொண்டு போகணும். கஞ்சி காச்சி ஊத்தணும். அம்புட்டுத்தான்.

நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. எங்க வக்கீல் ஐயாதான் தொண்டர் சங்கத்துக்குத் தலைவர். மத்த பெரிய மனுசங்க எல்லாரும் உபதலைவர். தொண்டர்னு சொல்லிக்கிட ஒரு ஆளாவது வேணும்லா? அது நான்.

பிடியரிசின்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். வீட்டுக்கு ஒரு மண்கலயம் சங்கத்துலேருந்து குடுத்திருப்போம். வீட்டுப் பொம்பளை உலை வைக்கும்போதெல்லாம் அதுலே ஒரு பிடி அரிசி போடணும். மாசக் கடைசியிலே போயி வாங்கிக்கிடுவோம். அதை வச்சு ஏழைகளுக்குக் கஞ்சி.

அந்த வருசம் ஆடிச் சாரல் அளவில்லாமப் பேஞ்சுட்டு. சித்தாறு பெருகி, குற்றாலத்துலே கரையோரம் இருந்த விறகு சுமக்கிற சனங்க குடிசையெல்லாம் போயிட்டு. பிள்ளைகுட்டியோட ஒரு சத்திரத்துலே வந்து கெடந்தாக. சத்திரத்துலே மத்தியானம் ஒரு வேளை கஞ்சி ஊத்துவாக. நாள் பூரா அவுகளுக்கு அதுதான் சாப்பாடு.

வக்கீல் ஐயா உடனே கூட்டம் போட்டாரு. "நம்ம ஊரு கையக் கெட்டிக்கிட்டு இருக்கலாமா? ஞாயித்துக்கெழமை நம்ம சங்கம் சாப்பாடு போடுது!"ன்னாரு. உபதலைவர் எல்லாரும் கை தட்டினாக. தட்டி முடிச்சுட்டு எல்லாரும் என்னைப் பாத்தாக.

"இங்க பாரும்வே, அந்தக் குடிசைச் சனங்க கை ஒரு துரும்பைத் தொடப்படாது. வேலை வாங்கிட்டுச் சோறு போட்டா அதுக்குப் பேரு கூலி. நாம பண்ணுதது தொண்டு"ன்னு ஐயா எனக்குத் தனியா உத்தரவு போட்டாரு.

"சரிங்கய்யா"ன்னேன். அவரு ஆபீசிலே இருந்துக்கிட்டு வேற என்னத்தைச் சொல்ல?

சனிக்கெழமை மத்தியானம் தோள்லே ஒரு கோணிச் சாக்கைப் போட்டுக்கிட்டுக் கெளம்பினேன்.

மொத வீடு ரத வீதியிலே. கலயத்தைக் கவுத்தினா அடியிலே கொஞ்சூண்டு அரிசி.

"என்னம்மா, மாசம் பூரா போட்டது இதுதானா?"

"தெனமும் போட்டேன் அண்ணாச்சி. புண்ணியம் பிள்ளைக்குச் சேரட்டும்னு அவன் கையாலேயே போடச் சொன்னேன்."

பிள்ளையைப் பாத்தேன். அவ இடுப்புலே இருக்கான். இன்னும் பல் மொளைக்கலே. அவன் ஒரு பிடி அள்ளுனா எட்டு அரிசி வரும். அதுலேயும் நாலைத் தின்னிருப்பான்.

ரெண்டாவது வீட்டுலே கலயத்துக்குள்ளே புளி இருந்துச்சு.

"நல்ல கலயம் அண்ணாச்சி! புளி போட்டு வைக்க ரொம்ப வாகா இருக்கு"ன்னு அந்த அம்மா பாராட்டுனா. என் முகத்தைப் பாத்துட்டு உள்ளே ஓடிப் போயி ஒரு சொளகு அரிசி கொண்டாந்து சாக்குலே தட்டுனா. தோசைக்கு நனைய வைக்க எடுத்து வச்சதாம். உளுந்தும் கூடவே கெடந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும், சத்துதானே!

அக்ரகாரத்துலே பச்சரிசி. எங்க தெருவிலே புழுங்கலரிசி. செங்கோட்டைக்கு அங்கிட்டு மலையாளத்துலே பொண்ணு எடுத்த வீட்டுலே தடித்தடியாச் சிவப்பரிசி. ஒரு வீட்டுலே வெறுங் குருணை. இன்னொரு வீட்டுலே அரிசியை விட வண்டு அதிகம். போன வாரம் கல்யாணம் முடிஞ்ச வீட்டுலே மஞ்சமஞ்சேர்னு அட்சதை!

"ஏம்மா, இது அட்சதைல்லா?"

"மிஞ்சிப் போச்சு அண்ணாச்சி. குப்பையிலே கொட்டுனாப் பாவம். ஏழைங்க சாப்பிட்டு நல்லா இருக்கட்டும்."

சரி, கஞ்சியும் ஆச்சு, ஆசீர்வாதமும் ஆச்சுன்னு அதையும் வாங்கிப் போட்டுக்கிட்டேன்.

ஒரு மளிகைக்கடைக்காரரு என்னை வாசல்லேயே மறிச்சாரு. "வே குமாஸ்தா! எங்க வீட்டு அரிசிதான் உள்ளதுலேயே உசத்தி. மீட்டிங்குலே என் பேரைச் சத்தமா வாசிக்கணும், ஆமா."

"வாசிச்சிருவோம் அண்ணாச்சி."

"மத்தவன் பேரைப் பைய வாசிச்சாப் போதும்."

இப்படி முப்பது வீடு. சாயங்காலம் வீட்டுலே வந்து சாக்கை எறக்கும்போது இடுப்பு கழண்டுட்டு. ஆனா மனசுக்குள்ளே ஒரு பெருமை. ஊரையே ஒரு சாக்குக்குள்ளே கெட்டிக் கொண்டாந்துட்டேன்லா!

என் சம்சாரம் செண்பகம் சாக்குக்குள்ளே கையை விட்டு ஒரு கை அள்ளிப் பாத்தா. முகம் மாறிட்டு.

"ஏன் எல்லாத்தையும் ஒண்ணாத் தட்டுனிய?"

"வேற என்ன பண்ண? அரிசி அரிசிதானே?"

"பச்சரிசியும் புழுங்கலும் ஒண்ணா வேகுமா?"

எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. "ஏளா, தர்மத்துலே பேதம் பாக்கப்படாது! ஏழைங்கள்லே பச்சரிசி ஏழை, புழுங்கலரிசி ஏழைன்னு ரெண்டு சாதி இருக்கா? பணக்காரன் வீட்டு அரிசியும் பஞ்சை வீட்டு அரிசியும் ஒரே அண்டாவுலே வேகணும். அதுக்குப் பேருதான் சமத்துவம்!"ன்னு ஒரு பிரசங்கமே பண்ணிட்டேன். வக்கீல் ஆபீசிலே இருவது வருசம் குப்பை கொட்டுனவன் வாய் சும்மா இருக்குமா?

அவ பொறுமையாக் கேட்டா. கேட்டுட்டு, "பேதம் நீங்க பாக்க வேண்டாம். அடுப்பு பாக்கும்"னா.

நான் சாக்கு வாயைக் கெட்டினேன்.

"வேணும்னா நானும் கூட வாரேன்."

"சங்கத்துலே பொம்பளைகளைச் சேக்கலே."

"சங்கத்துலே சேரதுக்கு யாரு வாரா? சமைக்க வாரேன்னேன்."

"அதுக்குத் தவசிப்பிள்ளை வாராரு!"ன்னேன் மிடுக்கா. ஊர்லே பாதிக் கல்யாணத்துக்கு அவருதான் ஆக்கிப் போடுதவரு. தர்ம காரியமாச்சேன்னு இனாமாவே வாரேன்னு சொல்லியிருந்தாரு.

ஞாயித்துக்கெழமை காலையிலே மாட்டு வண்டியிலே அரிசி, அண்டா, விறகு எல்லாம் ஏத்திக்கிட்டு நானும் தவசிப்பிள்ளையும் கெளம்பினோம். சாரல் நசநசன்னு விழுந்துக்கிட்டே இருக்கு. நான் குடையை எனக்குப் பிடிச்சேன். விறகுக்குப் பிடிக்கணும்னு தோணலே.

சத்திரத்து வாசல்லே போயி எறங்கினா, அந்தச் சனங்க அப்பவே வரிசையா உக்காந்துட்டாக. நூறு பேருக்குக் கொறையாது. பாதிக்குப் பாதி பிள்ளைங்க. ஆளுக்கொரு இலை வேற கையிலே. எல்லாக் கண்ணும் எங்க அண்டா மேலே.

தவசிப்பிள்ளை தலைப்பாவைக் கெட்டிக்கிட்டு வந்து சாக்கைப் பிரிச்சாரு. குனிஞ்சு பாத்தாரு. ஒரு கை அள்ளி மோந்து பாத்தாரு. பைய நிமிந்து தலைப்பாவை அவுத்தாரு.

"என்ன அண்ணாச்சி?"

"இது அரிசியாவே? முப்பது வீட்டுச் சண்டையில்லா உள்ளே கெடக்கு!"

"கஞ்சிதானே அண்ணாச்சி, வெந்தாச் சரி."

"அதுதான் வேகாதுங்கேன்! நான் எம்புட்டு வீட்டுக் கல்யாணத்துக்கு ஆக்குனவன். இதை நான் ஆக்கி, இவன்தான் ஆக்கினான்னு நாளைக்கு வெளியே தெரிஞ்சா எவன்வே என்னைக் கூப்பிடுவான்? என் உழைப்பை இனாமாத் தாரேன்னேன். என் பேரை இனாமாத் தாரேன்னு சொன்னேனா?"

துண்டை உதறித் தோள்லே போட்டுக்கிட்டு மனுசன் தென்காசி ரோட்டுலே நடையைக் கெட்டிட்டாரு. திரும்பிக் கூடப் பாக்கலே.

எனக்குக் கொஞ்சம் பதறிட்டு. இருந்தாலும் சத்திரத்துச் சாப்பாடு இருக்குல்லான்னு ஒரு தைரியம். காரியஸ்தரைத் தேடிப் போனேன். அவரு இடுப்புலே துண்டும் தலையிலே எண்ணெயுமா எதிர்லே வாராரு.

"அண்ணாச்சி, எங்களுக்குக் கொஞ்சம் நேரமாகும் போல. நீங்க வழக்கம் போல உலை வச்சிருதியளா?"

"உலையா? நீங்கதான் இன்னிக்குப் போடுதியன்னு உங்க வக்கீல் சொல்லி விட்டாருல்லா? இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியா எண்ணெய் தேய்ச்சுக் குளிப்போம்னு அரிசி இருக்கிற கோட்டையறையைப் பூட்டிட்டேன்வே."

"சாவி?"

"சாவி என் மகன்ட்ட. அவன் இலஞ்சிக்குப் போயிட்டான்"னு சொல்லிட்டு அருவிக்குப் போயிட்டாரு.

நான் அங்கன அப்படியே நின்னேன். நாங்க வராம இருந்திருந்தா இந்தச் சனங்களுக்கு மத்தியானம் கஞ்சி உறுதி. தர்மம் பண்ணப் போயி உள்ள கஞ்சியையும் கெடுத்தாச்சு. வண்டியிலே திரும்பிப் போயி வேற அரிசி கொண்டாரலாம்னு பாத்தா, வண்டிக்காரனும் மாட்டை அவுத்துக் கெட்டிட்டு அருவிக்குப் போயிட்டான். ஊரே குளிக்குது!

சரி, நாமளே ஆக்கிருவோம். கஞ்சிதானே! தண்ணி, அரிசி, தீ. இதுலே என்ன வித்தை இருக்கு?

மொதல்லே தீயே பிடிக்கலே. விறகு பூரா ஈரம். ஊதுதேன், ஊதுதேன், புகைதான் வருது. முன்வரிசையிலே ஒரு பொம்பளை, மாடத்தின்னு பேரு, நல்ல ஓங்குதாங்கான ஆளு, இதைப் பாத்துக்கிட்டே இருந்தா.

"ஐயா, அதை அப்படி அடுக்குனா எரியாது. தள்ளுங்க, நான் வைக்கேன்."

விறகையே சுமந்து பொழைக்கிறவ சொல்லுதா. நான் கேட்டேனா?

"உக்காருங்க ஆத்தா! இன்னிக்கு நீங்க விருந்தாளி. ஒரு துரும்பைத் தொடப்படாது"ன்னேன்.

அவ உக்காந்துட்டா. பக்கத்துலே இருந்தவ காதுலே என்னமோ சொன்னா. அந்த வரிசையே சிரிச்சுது.

எப்படியோ ஒரு பாடாத் தீ பிடிச்சுது. அண்டாவுலே பாதிச் சாக்கு அரிசியைத் தட்டினேன். அதுக்கு மேலே கொள்ளலே. கொதி வந்துச்சு. ஆகா, வெற்றின்னு நெனைச்சேன்.

பச்சரிசி மொதல்லே வெந்துச்சு. வெந்ததோட நின்னுச்சா? கரைஞ்சு பசையாப் போயி அடியிலே போயி ஒட்டிக்கிட்டு. புழுங்கலரிசி கல்லு மாதிரி அப்படியே கெடக்கு. சிவப்பரிசி எனக்கென்னன்னு மேலே மெதக்குது. அட்சதை கரைஞ்சு அண்டா பூரா மஞ்சளாயிட்டு. உளுந்து நொரையைக் கெளப்பி விட்டுட்டு. அந்த நொரை பொங்கி வழிஞ்சு, நான் பாடுபட்டு மூட்டின தீயை அணைச்சுட்டு!

சட்டையைக் கழத்தி அண்டாவைப் பிடிச்சு எறக்கினேன். திரும்பத் தீ மூட்டினேன். திரும்ப ஏத்தினேன். அடியிலே தீய்ஞ்ச வாடை. மேலே வேகாத அரிசி. செண்பகம் சொன்ன அடுப்பு, ஒண்ணு விடாம எல்லாப் பேதத்தையும் பாத்துட்டு.

முன்னாலே உக்காந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை கேட்டுது. "ஐயா, வெந்துட்டா?"

"இந்தா ஆச்சு தாயி."

கொஞ்ச நேரங் கழிச்சுத் திரும்ப. "ஐயா, வெந்துட்டா?"

"இந்தா, ஆயிட்டு."

உச்சி தாண்டிட்டு. அந்தப் பிள்ளை கேக்குததை நிறுத்திட்டு. இலையோட ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி வாயிலே போட ஆரம்பிச்சுது. அதைப் பாத்ததும் எனக்கு வெக்கமாயும் இருந்துச்சு, அழுகையாயும் வந்துச்சு. புகைன்னு சொல்லிக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன்.

மாடத்தி எந்திரிச்சுட்டா. முந்தியை இழுத்துச் சொருகினா.

"தள்ளுங்கய்யா."

"ஆத்தா, சங்கத்து உத்தரவு என்னன்னா..."

"தொண்டு பொறவு பண்ணலாம். பிள்ளைய பசியிலே கெடக்கு. தள்ளுங்கங்கேன்!"

தள்ளிட்டேன்.

அவ அண்டாவுக்குள்ளே எட்டிப் பாத்தா. பொறவு என்னைப் பாத்தா. "வீட்டுலே பொம்பளை இல்லியா?"ன்னு கேட்டா.

"இருக்கா."

"சொல்லலியா?"

"சொன்னா."

அவ என் கையிலேருந்து அகப்பையை வாங்கிக்கிட்டா.

அண்டாவுலே தீயாம மேலாக்க இருந்ததை மட்டும் மொண்டு வேற பானையிலே ஊத்தினா. சாக்குலே மிச்சம் இருந்த அரிசியை நாலு பொம்பளைங்க சொளகுலே போட்டுப் பொடைச்சாக. வண்டெல்லாம் போச்சு. சத்திரத்து முத்தத்துலே கெடந்த உரல்லே போட்டு மாத்தி மாத்தி இடிச்சாக.

"ஏன் ஆத்தா இடிக்கிய?"

"முழு அரிசியா இருந்தாத்தான் அது அதுக்கு ஒரு நேரம். குருணையாக்கிட்டா எல்லாம் ஒரே கொதியிலே வெந்துரும்"னா, கையை நிறுத்தாம.

நான் நேத்துப் பேசுன சமத்துவம் இதுதான். எனக்குச் செய்யத் தெரியலே, பேசத்தான் தெரிஞ்சுது.

அடுப்பைக் கலைச்சு அவளே விறகை அடுக்கினா. என் கையிலே ஊதுகுழலைக் குடுத்து, "இதை மட்டும் செய்யுங்க. வேற எதையும் தொட்டுராதிய"ன்னா. சங்கத்துத் தொண்டருக்குக் கெடைச்ச முதல் உருப்படியான உத்தரவு. ஊதினேன். முகம் பூராக் கரி.

குருணை அந்தக் கஞ்சியிலேயே விழுந்து பதமா வெந்துச்சு. தொட்டுக்கிட ஒண்ணும் இல்லையேன்னு யாரோ சொல்ல, ஒரு பொம்பளை தன் துணி மூட்டையை அவுத்து உள்ளே இருந்த காணப்பயறை, கொள்ளுன்னு சொல்லுவாகளே அதை, அப்படியே எடுத்துத் தந்தா. வெள்ளத்துலே அவ காப்பாத்திக் கொண்டாந்தது அது ஒண்ணுதான். வறுத்துத் துவையல் அரைச்சாக. முப்பது வீட்டுலே ஒருத்தரும் பிரியமா ஒரு பிடி தரலே. வீடே இல்லாதவ மூட்டையோட தந்தா.

முதல்லே பிள்ளைகளுக்கு ஊத்தினாக. அந்தச் சின்னப் பிள்ளை ரெண்டு கையாலேயும் அள்ளிக் குடிச்சுது. எனக்கு அப்பத்தான் உயிரே வந்துச்சு.

"நீங்களும் உக்காருங்கய்யா. காலையிலேருந்து நீங்களுந்தான் ஒண்ணுந் திங்கலே"ன்னா மாடத்தி.

எங்க தெரு ஆளு யாராவது பாக்குதானான்னு சுத்தி ஒரு பார்வை பாத்தேன். பொய் சொல்லப்படாதுல்லா, பாத்தேன். யாரும் இல்லே. பிள்ளைகளுக்கு நடுவிலே, முன்வரிசையிலே, இலையைப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். சட்டை இல்லே, மேலெல்லாம் கரி, வேட்டி பூராச் சகதி. கஞ்சி தேவாமிர்தம்! அந்தக் காணத் துவையலை இப்ப நெனைச்சாலும் நாக்கு ஊறும்.

அந்த நேரம் பாத்து வாசல்லே கார் சத்தம்.

வக்கீல் ஐயா பட்டுக்கரை அங்கவஸ்திரத்தோட எறங்குதாரு. கூட ஒரு போட்டோக்காரர். முக்காலியை நட்டு, பொட்டியை ஏத்தி, கறுப்புத் துணிக்குள்ளே தலையை விட்டுட்டாரு.

"பலே! நல்லா நடந்திருக்கு!"ன்னாரு ஐயா. நேரா மாடத்திகிட்டே போயி, "அம்மா, அந்த அகப்பையை இங்க தா. சித்த அங்கிட்டுத் தள்ளி நில்லு, படத்துலே விழுந்துராதே"ன்னு வாங்கிக்கிட்டாரு.

துணிக்குள்ளேருந்து போட்டோக்காரர் கத்துதாரு. "ஐயா, முன்வரிசையிலே அந்தக் கரி முகத்து ஆளு இருக்காருல்லா, அவரு இலைக்குக் கிட்டே போங்க! பாவம், பாத்தாலே மனசு எளகுது!"

ஐயா கிட்டே வந்து குனிஞ்சு அகப்பையைச் சரிச்சாரு. அப்பத்தான் என் முகத்தைப் பாத்தாரு.

"வே! நீரா?"

"ஆமாங்கய்யா."

"எந்திரியும்வே!"ன்னாரு பல்லைக் கடிச்சுக்கிட்டு.

"யாரும் அசையாதிய! மூச்சு விடாதிய!"ன்னு ஒரு சத்தம் கறுப்புத் துணிக்குள்ளேருந்து.

அசையலே. நானும் அசையலே, ஐயாவும் அசையலே. வாயிலே வச்ச துவையலை முழுங்கக் கூட இல்லே.

அந்தப் படம் இன்னிக்கும் ஆபீஸ் சுவர்லே தொங்குது. கீழே 'தலைவர் அவர்கள் ஏழைகளுக்கு அன்னமிட்ட காட்சி'ன்னு எழுதியிருக்கு. அதுக்கு நேர் கீழேதான் என் மேசை. கேசு விசயமா வாற கட்சிக்காரங்க எல்லாரும் படத்தைப் பாத்து, "முன்னாலே இருக்கான் பாரு, பாவம் எத்தனை நாள் பட்டினியோ"ங்காக. நான் எழுதுததை விட்டுத் தலை நிமிருததே இல்லே.

செண்பகம் ஒரு நா வந்து ரொம்ப நேரம் பாத்தா. "இதுலே ஆக்குனவ எங்கே?"ன்னு கேட்டா. நான் படத்துக்கு வெளியே, சுவரைக் காட்டினேன்.

மறு மாசக் கூட்டத்துலே ஐயாவுக்கு ஒரே உற்சாகம். "இதே மாதிரி இன்னொரு ஞாயித்துக்கெழமை போடுதோம். போயிச் சொல்லிட்டு வாரும்வே"ன்னாரு. நானும் குற்றாலத்துக்குப் போயி மாடத்திகிட்டே சொன்னேன்.

அவ ரொம்ப மரியாதையாச் சொன்னா: "வாங்கய்யா. எத்தனை பேரு வாரியன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க, நாங்க ஆக்கி வச்சிருதோம்."